மாஸ்க் போட்ட குரல்

டீன் கதவைச் சாத்தினார். சாத்திய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் கைப்பேசியை மேஜைமேல் வைத்து அந்தப் பதிவை ஓடவிட்டார்.

ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாத, அமுங்கிய, கிசுகிசுத்த குரல்.

"சார், மறுபடி நான்தான். ஃபைனல் இயர்ல ஒருத்தன் ஊசி போட்டுக்கறான். வலிக்குப் போடற மருந்து. ஆபரேஷன் முடிஞ்ச பேஷன்ட்டுக்குப் போட்டது போக மிச்சம் இருக்குமே, அது. இதுவரைக்கும் மிச்சம்தான் எடுத்திருக்கான். அடுத்த வாரம் தீக்காய வார்டு. அங்க அவனை அனுப்பாதீங்க. பார்த்தா ஒண்ணும் தெரியாது சார், கை நல்லாத்தான் நிக்குது. உள்ளுக்குள்ளதான் நடுங்குது. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க."

பதிவு நின்றது.

"இது மூணாவது தடவை" என்றார் டீன். "முதல் ரெண்டு தடவை என் செக்ரட்டரி எடுத்தாங்க. ஏதோ விளையாட்டுன்னு நினைச்சோம். மூணுமே ஆஸ்பத்திரிக்கு உள்ள இருக்கற லைன்லதான் வந்திருக்கு. சர்ஜரி வார்டுல ஸ்டூடண்ட்ஸ் ரூம்னு ஒரு சின்ன ரூம் இருக்கு, அங்கேர்ந்து."

எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. போலீஸ் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்து பல வருஷம் ஆகியும் எல்லாருக்கும் அவர் இன்னமும் இன்ஸ்பெக்டரம்மாதான். பக்கத்தில் நின்ற அவருடைய உதவியாளன், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு அடுத்த அறைப் பேச்சைக் கேட்பதில் கெட்டிக்காரன் என்பதால் பல்லி. அந்தப் பெயரில் அவனுக்கு வருத்தமில்லை. வால் போனாலும் முளைத்துவிடும் என்பான்.

"அந்த ரூமை யார் யார் உபயோகிக்கறாங்க?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"இப்போ மூணு பேர். ஒரே குழு. அடுத்த வாரம் தீக்காய வார்டுக்குப் போறதும் அதே மூணு பேர்தான்."

"சரி, நாங்க என்ன கண்டுபிடிக்கணும்?"

"போன் பண்றது யாருன்னு."

"ஊசி போட்டுக்கறது யாருன்னு?"

டீன் மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்படி யாரும் இருக்க வாய்ப்பில்லைங்க. அடுத்த வாரம் ஆய்வுக் குழு வருது. இந்த நேரத்துல காலேஜ் பேரைக் கெடுக்கணும்னு யாரோ வேலை பார்க்கறாங்க. அந்த ஆளைக் காட்டுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

வராந்தாவுக்கு வந்ததும் பல்லி வாயைத் திறந்தான்.

"வீடு தீப்பிடிச்சுதுன்னு கத்தினவனைப் பிடிச்சுத் தரச் சொல்றார் மேடம். தீயை அப்புறம் பாத்துக்கலாமாம்."

"கேஸை ஒத்துக்கிட்டாச்சு. நட."

இன்ஸ்பெக்டரம்மாவின் நடையில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. குரல் ஒன்று, ஆள் மூன்று. இந்த மாதிரிக் கணக்கென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. அந்தக் குரல் என்ன கெஞ்சுகிறது என்பது அப்போது அவர் காதில் ஏறவில்லை. யாருடையது என்பதில்தான் புத்தி போய் நின்றது.

*

ஸ்டூடண்ட்ஸ் ரூம் என்பது ஒரு மேஜை, ஒரு கட்டில், கொக்கியில் தொங்கும் மூன்று வெள்ளைக் கோட்டு, மேஜை ஓரத்தில் ஒரு போன். அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே சிமென்ட் சுவர்.

பல்லி கைக்குட்டையை வாயில் வைத்து, "சார், மறுபடி நான்தான்" என்று சொல்லிப் பதிவு செய்து போட்டுப் பார்த்தான். சரியாக வரவில்லை. மேஜைமேல் இருந்த பெட்டியிலிருந்து மாஸ்க் ஒன்றை எடுத்து மாட்டினான். ஒன்றின் மேல் இன்னொன்று. மறுபடி பேசினான். டீனுடைய கைப்பேசியில் கேட்ட அதே அமுக்கம், அதே கரகரப்பு.

"கைக்குட்டை இல்ல மேடம், ரெண்டு மாஸ்க். இந்த ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டவங்களை மட்டும் சந்தேகப்படலாம். மீதிப் பேர் பேஷன்ட்."

"அப்போ மூஞ்சியை விட்டுடு. பேச்சைப் பிடி."

மாணவர் மனநிலை பற்றி ஓர் ஆய்வு நடப்பதாக டீன் அலுவலகம் சொல்லி வைத்திருந்தது. மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பேச வைப்பது, பல்லியின் கைப்பேசி பதிவு செய்வது. இதுதான் ஏற்பாடு.

முதலில் வந்தவளை வகுப்பில் எல்லாரும் லீடர் என்றார்கள். வகுப்புப் பிரதிநிதி. இறுக்கிப் பின்னிய கூந்தல், மடிப்புக் கலையாத கோட்டு, கேள்வி முடிவதற்குள் பதில்.

"கூடப் படிக்கறவங்க யாராவது போதைக்குப் பழகியிருந்தா அவங்களைப் பத்தி என்ன நினைப்பீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

"டாக்டராகத் தகுதி இல்லாதவங்கன்னு. இது உயிரைக் கையில வாங்கற வேலை. தன்னையே கட்டுப்படுத்திக்கத் தெரியாதவன் எதுக்கு இங்க வரணும்?"

"அப்போ தெரிஞ்சா டீன்கிட்ட சொல்லிடுவீங்க."

"அது எப்படி மேடம்? இத்தனை வருஷம் படிச்சது போயிடும். வீட்ல தெரிஞ்சுடும். எங்க பேட்ச் ஆளை நாங்களே காட்டிக் கொடுக்கறதா? எங்களுக்குள்ள பேசி சரி பண்ணிப்போம்."

"பேசியிருக்கீங்களா?"

"பேசற மாதிரி எங்ககிட்ட யாரும் இல்ல."

அந்தப் பதில் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. அவள் போனதும் பல்லி சொன்னான்: "ஒரே மூச்சுல தூக்குத் தண்டனையும் கொடுத்தாங்க, ஜாமீனும் கொடுத்துட்டாங்க மேடம்."

இரண்டாவது ஆளின் பட்டப்பெயர் தூங்குமூஞ்சி. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் கண் தானாகச் சொருகியது. கண்ணுக்குக் கீழே கறுப்பு, கோட்டின் பித்தான் ஒன்று தப்பிப் போட்டிருந்தது. பல்லி இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

"எல்லாரும் ஏதோ ஒண்ணுலதான் ஓடறோம்" என்றான் தூங்குமூஞ்சி. "பரீட்சைக்கு முன்னாடி முழிச்சிருக்க ஒரு மாத்திரை, முடிஞ்சதும் தூங்க ஒரு மாத்திரை. அதையெல்லாம் யாரும் போதைன்னு சொல்றதில்ல. படிப்புன்னு சொல்லிக்கறோம்."

"அதுக்கு மேல போனவங்களை?"

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "வெளியாள் ஒருத்தர் அப்படி வந்தா வியாதி, பாவம், வைத்தியம் பண்ணணும்னு சொல்வோம் மேடம். புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. நம்மள்ல ஒருத்தன்னா அசிங்கம்னு சொல்வோம். அது எந்தப் புஸ்தகத்துல இருக்குன்னு தெரியல."

மூன்றாவது ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வார்டின் பின்புறம் ஒரு தனியறையில் ஜூனியர் மாணவர்கள் சிலர் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் ஒருவன் வாழைப்பழத் தோலைக் கீறி, அதற்குத் தையல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நூல் ஒரே இடைவெளியில் ஏறி இறங்கியது. தோல் கிழியவில்லை. கை அசைந்ததே தெரியவில்லை. அவனுக்கு வாத்தியார் என்று பெயர் வந்ததன் காரணத்தைக் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சின்னப் பசங்கள் அவனைப் பார்த்த பார்வையிலேயே இருந்தது.

"பழம் பிழைச்சுக்குமா டாக்டர்?" என்றான் பல்லி.

"சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அப்புறம் நாங்களே சாப்பிட்டுடுவோம்" என்றான் வாத்தியார், சிரித்துக்கொண்டே.

பல்லிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாணவர் மனநிலை ஆய்வு, போதைப் பழக்கம் பற்றியும் கேட்போம் என்று சொல்லிவிட்டு, ஜூனியர்களைப் பார்த்து அவிழ்த்துவிட்டான்: "ஊசி போட்டுக்கற டாக்டர்னா ஒரு வசதி இருக்கு. டாக்டரும் அவரே, பேஷன்ட்டும் அவரே. டோக்கன் வேண்டாம், வரிசை வேண்டாம். கன்சல்டேஷன் கண்ணாடி முன்னாடியே முடிஞ்சுடும்."

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தான். சிரித்தபடியே முடிச்சை இறுக்கி, நூலைக் கத்தரித்து, கருவிகளைத் தட்டில் வைத்தான்.

"நண்பன் ஒருத்தன் இப்படின்னு தெரிஞ்சா நீங்க சொல்வீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"எல்லார்கிட்டயும் இதைத்தான் கேக்கறீங்களா மேடம்?"

"ஆமா."

"தெரிஞ்சா சொல்வீங்களான்னு கேக்கறீங்க. அவனே வந்து சொன்னா காது கொடுத்துக் கேப்பீங்களான்னும் ஒரு கேள்வி வச்சுக்கலாமே."

"அது அடுத்த பக்கத்துல இருக்கு" என்றான் பல்லி. ஜூனியர்கள் மறுபடி சிரித்தார்கள்.

*

"மூணு சீட்டு, ரெண்டு ஜோக்கர்" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினான் பல்லி. "ஒருத்தர் ஊசி போட்டுக்கறவர், ஒருத்தர் போன் போடறவர், மிச்சம் ஒருத்தர் வெறும் பார்வையாளர். தூங்குமூஞ்சி மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, அவன்தான் ஊசி. லீடர் பொண்ணு வாயால மாட்டேங்குது, மனசு கேக்காம மாஸ்க் போட்டுக்கிட்டு போன் பண்ணுது. வாத்தியார் பாவம், வாழைப்பழத்துக்கு வைத்தியம் பாக்கறார். டீனுக்கு லீடர் பேரைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போலாமா?"

"மூஞ்சியை விட்டுடுன்னு சொன்னேன்."

அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து வார்டின் மருந்து மேஜை தெரிந்தது. நர்ஸ் ஒருவர் ஆபரேஷன் ஆன பெரியவருக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பினார். எங்கிருந்தோ தூங்குமூஞ்சி வந்து நின்றான். மிச்ச மருந்து இருந்த சிறு குப்பியைக் கேட்டு வாங்கினான். பல்லி இன்ஸ்பெக்டரம்மாவின் கையைத் தொட்டான்.

தூங்குமூஞ்சி குப்பியைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தான். குழாயைத் திறந்துவிட்டான். தேவைக்கு மேலே ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. காலிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குப்பைக் கூடையில் போட்டான்.

"என்ன மேடம் இது? குடிகாரன் பாட்டிலைச் சாக்கடையில ஊத்தறான்."

"அப்போ அவன் குடிகாரன் இல்ல" என்று எழுந்தார் இன்ஸ்பெக்டரம்மா.

நர்ஸிடம் விசாரித்தார்கள். "அந்தப் பையனா? பேருதான் தூங்குமூஞ்சி. நின்னுக்கிட்டே தூங்கறான், பாவம். தன் பேஷன்ட்டையும் பாக்கறான், வாத்தியாரோட பேஷன்ட்டுக்கும் இவனே கட்டுக் கட்டறான், இவனே ராத்திரி டூட்டி பாக்கறான். ஏம்ப்பான்னு கேட்டா, வாத்தியார் சின்னப் பசங்களுக்குப் பாடம் எடுக்கட்டும் சிஸ்டர்ங்கறான்."

மாடிப்படித் திருப்பத்தில் தூங்குமூஞ்சியை மடக்கினார்கள். இன்ஸ்பெக்டரம்மா தான் யார் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஆய்வும் கிடையாது, ஒன்றும் கிடையாது என்றார். பையன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் எதையும் எடுக்கல மேடம்."

"தெரியும். எடுக்க விடாம பாத்துக்கறீங்க. வாத்தியாரை."

அவன் செருப்பைப் பார்த்தபடியே சொன்னான். "மிச்சம் கிடைக்கலைன்னா தானா நின்னுடும்னு நினைச்சேன். டாக்டருக்குப் படிக்கறவன் இப்படி நினைக்கலாமா? வேற யாராவது சொன்னா சிரிச்சிருப்பேன். அவன் எனக்கு முதல் வருஷம் எலும்பு ஒண்ணொண்ணா வச்சுச் சொல்லிக் கொடுத்தவன். அவன்கிட்ட போய் எப்படிக் கேக்கறது? அதான் அவன் வேலையையும் சேர்த்து நானே செஞ்சேன். அவன் முகத்தைப் பாக்காம இருக்க அது ஒரு வழி."

"டீனுக்கு போன் பண்ணினது நீங்களா?"

"இல்ல மேடம். லீடர்னு நினைக்கறேன். நான் பண்ணியிருக்கணும். பண்ணலை."

லீடரைத் தேடினார்கள். ஸ்டூடண்ட்ஸ் ரூமில் தனியாக இருந்தாள். இன்ஸ்பெக்டரம்மா வாத்தியார் என்று ஆரம்பித்ததும் கையிலிருந்த பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"தூங்குமூஞ்சிதானே சொன்னான்? போன் பண்ணதும் அவன்தான். டீன் ஆபீஸுக்கு யாரோ போன் பண்ணாங்கன்னு ஒரு வாரம் முன்னாடி வார்டுல பேச்சு வந்துது, அன்னிலேர்ந்து அவனோட நான் பேசறதில்ல."

"அவர் நீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காலையில் பட்பட்டென்று பதில் சொன்ன முகத்தில் இப்போது ஒன்றும் மிச்சமில்லை.

"என்கிட்ட சொல்ல வந்தான் மேடம்" என்றாள் மெதுவாக. "இதே ரூம்ல. எனக்கு ஒரு பிரச்னை இருக்குன்னு ஆரம்பிச்சான். எனக்கு என்னன்னு ஏற்கெனவே தெரியும். அவன் முழுக்கைச் சட்டையைக் கழட்டறதே இல்ல. நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். 'சொல்லாதே. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதாயிடும். முதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் பேசலாம்'னேன். சரின்னு போயிட்டான். போகும்போது சாரின்னு வேற சொன்னான்."

"போன்?"

"நான் பண்ணலை. பண்ணியிருந்தா இப்போ உங்க முகத்தைப் பாத்துப் பேசியிருப்பேன்."

*

மறுபடி வராந்தா பெஞ்ச்.

"இவன் இல்லைங்கறான், அவளும் இல்லைங்கறா" என்றான் பல்லி. "ஒருத்தர் பொய் சொல்றாங்க."

"பொய் சொல்றவங்க தன்னைக் கொஞ்சம் நல்லவங்களாக் காட்டிப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் தன்னைக் கேவலமாத்தானே காட்டிக்கிட்டாங்க. அந்தப் பதிவைப் போடு."

டீனிடம் வாங்கி வைத்திருந்த பதிவைப் பல்லி போட்டான். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். கடைசிக் கெஞ்சலுக்கு முந்தின இரண்டு வரியை மட்டும் இன்னொரு தடவை.

கை நல்லாத்தான் நிக்குது. உள்ளுக்குள்ளதான் நடுங்குது.

"பல்லி, உனக்குப் பல் வலிச்சா என்ன சொல்வே?"

"பல் வலிக்குதுன்னு சொல்வேன்."

"எனக்குப் பல் வலின்னு நான் உன்கிட்ட சொல்றேன். நீ போய் டீன்கிட்ட எப்படிச் சொல்வே?"

"மேடத்துக்குப் பல் வலிக்குதாம் சார்னு..." பல்லி நிறுத்தினான்.

"வலிக்குதாம். அடுத்தவங்க வலியை நம்மளால அப்படித்தான் சொல்ல முடியும். கை நிக்குதுன்னு யார் வேணா சொல்லலாம், அது கண்ணுக்குத் தெரியற விஷயம். உள்ளுக்குள்ள நடுங்கறது யார் கண்ணுக்குத் தெரியும்? அவன் சொல்லிக் கேட்டிருந்தா 'நடுங்குதாம்'னு சொல்லியிருப்பாங்க. ஆனா அவன் யார்கிட்டயும் சொல்லலை, சொல்ல விடலை. இது 'நடுங்குது'ங்குது. அதுல ஒரு 'ஆம்' இல்ல பாரு."

பல்லியின் வாய் திறந்தது. அதிலிருந்து ஜோக் எதுவும் வரவில்லை. ஊசி போட்டுக்கொள்பவனும் போன் பண்ணுபவனும் ஒரே ஆள். மூன்று தடவை போனை எடுத்து, இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, ஒருத்தன் தன்னைப் பற்றித் தானே புகார் கொடுத்திருக்கிறான்.

"டாக்டரும் அவரே, பேஷன்ட்டும் அவரேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன் மேடம்" என்றான் பல்லி. காது மடல் சிவந்துவிட்டது. "அவனும் சிரிச்சான்."

"நான் மட்டும் என்ன? பிடிச்சுக் கொடுக்கறேன்னு குஷியா கிளம்பினவதானே" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

*

சலவைப் பிரிவின் மொட்டை மாடியில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான் வாத்தியார். இன்ஸ்பெக்டரம்மா பக்கத்தில் போய் நின்றார். பல்லி படியருகிலேயே நின்றுகொண்டான்.

"உங்க குரலைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றார்.

அவன் திடுக்கிடவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டான். பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரியும் இருந்தது, ஏற்றிக்கொண்டவன் மாதிரியும் இருந்தது.

"என் பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லத்தான் டீன் உங்களைக் கூப்பிட்டாரா?"

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு விரிப்பின் ஓரத்தைப் பிடித்து மடித்தார். "போன் பண்ணது யாருன்னு கேட்டார். அதைத்தான் தேடினேன். தேடினது தப்பான ஆளை இல்ல, தப்பான கேள்வியை."

"என்னையும் தேடச் சொன்னார் மேடம்."

"என்னது?"

"ரெண்டாவது போன் ஒண்ணுக்கும் உதவலைன்னதும், நேராவே சொல்லிடலாம்னு அவர் ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டறதுக்குள்ள வேர்த்து ஊத்திடுச்சு. உள்ள போனேன். வாப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்னார். யாரோ அசிங்கமா போன் பண்றாங்க, உன்னை மாதிரி நம்பகமான பையன் கிடைக்க மாட்டான், யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுன்னார். தோள்ல தட்டிக் கொடுத்தார். நான் சரி சார்னுட்டு வந்துட்டேன்."

சிரிக்க முயன்றான். வாய் கோணிக்கொண்டது.

"அவர் நம்பகமான பையன்னு சொன்னப்போ எனக்கு அது பிடிச்சிருந்தது மேடம். அதுதான் ரொம்பக் கேவலம். எல்லாத்தையும் சொல்லிடணும்னு போனவன், அந்தப் பேரைக் காப்பாத்திக்கிட்டு வந்தேன்."

"ஏன் போன்ல உங்க பேரைச் சொல்லலை?"

"ஒருத்தன்னு சொல்லும்போது சொல்ல வருது. நான்னு சொல்லும்போது வாய் வரலை." முழுக்கைச் சட்டையின் விளிம்பை இழுத்து மணிக்கட்டை மூடினான். "தீக்காய வார்டுல வலி என்னன்னு தெரியுமா மேடம்? அங்க மருந்து கேட்டுக் கத்துவாங்க. இதுவரைக்கும் மிச்சத்தைத்தான் எடுத்திருக்கேன். ஆனா என்னை எனக்குத் தெரியும். அங்க போனா, கத்தறவங்களுக்குப் போக வேண்டியதை எடுத்துடுவேன். எடுத்துட்டு, போட்டாச்சுன்னு சொல்லிடுவேன். அதுக்கு முன்னாடி யாராவது என்னைப் பிடிச்சுட மாட்டாங்களான்னுதான் பண்ணினேன். எல்லாருமா சேர்ந்து போன் பண்ணவனைத் தேடறாங்க."

"நான் வரேன். சேர்ந்து போய்ச் சொல்லலாம்."

"நீங்களே சொல்லிடுங்களேன். நான் வெளிய நிக்கறேன். ஓட மாட்டேன்."

"அது தெரியும். ஓடறவன் போன் பண்ண மாட்டான்."

*

இன்ஸ்பெக்டரம்மா சொன்னது முழுவதையும் டீன் நின்றபடியே கேட்டார். கேட்டு முடிந்ததும் உட்கார்ந்தார்.

"அவனா" என்றார். "மெடலுக்கு அவன் பேரைத்தான் அனுப்பியிருக்கேன்." உடனே அவருக்குள் இருந்த நிர்வாகி விழித்துக்கொண்டார். "சரி. வெளிய தெரிய வேண்டாம். மஞ்சள் காமாலைன்னு எழுதி லீவுல அனுப்பிடலாம். வீட்ல இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு வரட்டும்."

"போன்ல பேசினவன் மஞ்சள் காமாலைன்னு சொல்லலை சார்."

"நான் அவன் நல்லதுக்குத்தான்..."

"உங்ககிட்ட நேர்லயே சொல்ல வந்தான். இந்த ரூமுக்குள்ள வந்து நின்னான். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க அவனுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பிட்டீங்க."

டீனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்ததை இன்ஸ்பெக்டரம்மா கண்ணால் பார்த்தார். தோளைத் தட்டிக் கொடுத்த கையை அவர் மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேர்த்திருந்தது அவனுக்கு" என்றார் மெல்ல. "ஃபேனைப் போடட்டுமான்னு கேட்டேன். நான் நாப்பது வருஷமா டாக்டர். ஃபேனைப் போடட்டுமான்னு கேட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் போனை எடுத்து, மனநல வார்டின் தலைமை மருத்துவரைக் கூப்பிட்டார். தன் மாணவன் ஒருவனுக்கு ஊசி மருந்துக்கு அடிமையாகும் வியாதி இருக்கிறது, இன்றைக்கே சேர்க்க வேண்டும் என்றார். வியாதி என்ற வார்த்தைக்கு முன்னால் மட்டும் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். தீக்காய வார்டுக்கு வேறு குழுவைப் போடச் சொன்னார்.

எழுந்து கதவைத் திறந்தார். வெளியே பெஞ்சில் வாத்தியார் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் தூங்குமூஞ்சி, அந்தப் பக்கம் லீடர். எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீனைக் கண்டதும் வாத்தியார் எழுந்தான்.

"சார், சாரி சார்."

"சாரி நீ சொல்லாதே" என்றார் டீன்.

*

மனநல வார்டின் அறையில் ஒரு மேஜையும் சில நாற்காலிகளும் இருந்தன. தலைமை மருத்துவர் நரைத்த முடியை வெட்டிவிட்டிருந்த அம்மாள். வந்திருப்பவன் பக்கத்துக் கட்டடத்து மாணவன் என்பதற்காக எந்தக் கேள்வியையும் அவர் விடவில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் இல்லை. அப்பா அம்மாவுக்கு யார் சொல்வது என்று கேட்டார். நானே சொல்றேன் டாக்டர், நாளைக்கு, என்றான் வாத்தியார். அதற்கப்புறம் தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டதற்கு அவனிடமிருந்து பதில் வரவில்லை. மருத்துவர் பின்னால் நின்ற லீடரையும் தூங்குமூஞ்சியையும் பார்த்தார்.

"கூட வந்தவங்க நீங்கதானா? இவருக்கு என்ன வேணும்?"

"ஃப்ரெண்ட்ஸ்" என்றாள் லீடர்.

"எத்தனை நாளாப் பழக்கம்?"

"முதல் வருஷத்துலேர்ந்து."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எப்போ ஆரம்பிச்சார்னு உங்களுக்குத் தெரியுமா? எதுக்காக? அப்போ ஏதாவது நடந்துதா?"

தூங்குமூஞ்சி லீடரைப் பார்த்தான். வாத்தியாருக்கு எந்தப் பாடத்தில் எத்தனை மார்க், எந்தப் பரீட்சைக்கு முன்னால் ஜுரம் வந்தது, அவன் அம்மா போனில் என்ன கேட்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இது தெரியாது. மருத்துவர் பேனாவோடு காத்திருந்தார்.

"தெரியாது டாக்டர்" என்றாள் லீடர். முகம் கன்றிப்போயிருந்தது. "நாங்க கேட்டதே இல்ல."

அந்தப் பெண் தானாகவே ஒரு நாற்காலியை இழுத்து வாத்தியாருக்கு எதிரில் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எப்போடா?" என்றாள்.

அவன் முகத்தைத் தூக்கினான். தூங்குமூஞ்சி பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தான்.

"போன வருஷம்" என்றான் வாத்தியார். "அந்தச் சின்னப் பொண்ணு ஆபரேஷன் டேபிள்லயே போச்சே, அன்னிக்கு சாயங்காலம். நீங்க ரெண்டு பேரும் சாப்பிடக் கூப்பிட்டீங்க. பசிக்கலைன்னு சொன்னேன்."

"ஆமா" என்றாள் அவள். "அப்புறம்?"

அவன் சொல்ல ஆரம்பித்தான்.